ஒளியை ஆண்ட இரண்டு நிறுவனங்கள்

ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் வளர்ச்சியை ஒரே மனிதரின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் நமக்குப் பழகிவிட்டது. அம்மனிதர் விலகும்போதோ மறையும்போதோ, இனி இந்நிறுவனம் என்னவாகும் என்ற கேள்வி எழுகிறது. 2011ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகமே இதைக் கேட்டது. ஆனால் இக்கேள்வி கணினியுகத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. கண்ணாடியையும் ஒளியையும் நம்பிப் பிழைத்த இரு நிறுவனங்களின் வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும். ஒன்று அமெரிக்காவின் போலராய்டு. மற்றொன்று ஜெர்மனியின் கார்ல் ஸைஸ்.

எட்வின் லேண்ட் 1909ல் பிறந்தார். ஹார்வர்டில் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறி, ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் மெல்லிய தகட்டைக் கண்டுபிடித்தார். அதன் அடிப்படையில் 1937ல் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1943ல் சாண்டா ஃபேயில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மூன்று வயது மகள், எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று கேட்டாள். குழந்தையின் அந்தக் கேள்வியிலிருந்தே உடனடிப் புகைப்படம் பிறந்தது என்பது லேண்ட் தாமே சொல்லி வந்த கதை. 1947 பிப்ரவரியில் அதை அறிவியலாளர்கள் முன் செய்துகாட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரத்துக் கடையொன்றில் முதன்முதலாக விற்பனைக்கு வைக்கப்பட்ட கேமராக்கள் அன்றே விற்றுத் தீர்ந்தன.

பின்னர் நடந்தது ஒரு தனிமனிதரின் திக்விஜயம் என்றே சொல்லலாம். 1963ல் வண்ணப்படம் வந்தது. 1972ல் எஸ்எக்ஸ்-70 என்ற மடக்குக் கேமரா வந்தது. அதிலிருந்து வெளிவரும் படம் பார்ப்பவரின் கண்ணெதிரே மெல்ல மலர்ந்தது. 500க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் லேண்டின் பெயரில் இருந்தன. ஆராய்ச்சியின் திசையையும் புதிய பொருள் வெளிவரும் நாளையும் அவரே முடிவு செய்தார். ஆலமரத்தின் நிழல் குளுமையானதுதான். ஆனால் அதனடியில் இன்னொரு மரம் எழுவதில்லை.

1977ல் அவர் போலாவிஷன் என்ற உடனடித் திரைப்படக் கருவியை வெளியிட்டார். ஒலியில்லாத, சில நிமிடங்களே ஓடும் படச்சுருளை அது பயன்படுத்தியது. காந்த நாடாவில் பதியும் வீடியோ அப்போதே வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. 1979ல் ஏறத்தாழ 6.8 கோடி டாலரை நட்டமாக எழுதித் தள்ள நேர்ந்தது. 1980ல் தலைமை நிர்வாகப் பொறுப்பிலிருந்து லேண்ட் விலகினார். 1982ல் நிறுவனத்தோடிருந்த பிணைப்பை முற்றிலும் அறுத்துக்கொண்டார்.

இங்கே கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. லேண்ட் அமெரிக்க அரசின் உளவுக் கருவிகளுக்கும் ஆலோசகராக இருந்தவர். படச்சுருளைக் கைவிட்டு, மின்னணு முறையில் உடனுக்குடன் படமனுப்பும் செயற்கைக்கோளை உருவாக்க வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் அதிபர் நிக்சனிடம் வலியுறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். அத்தகைய முதல் செயற்கைக்கோள் 1976 டிசம்பரில் விண்ணில் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டில்தான் அவரே வேதிப்படச்சுருளில் ஓடும் போலாவிஷனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விண்வெளியில் படச்சுருளின் முடிவைக் கண்ட அதே கண், தன் வீட்டு முற்றத்தில் அதைக் காண மறுத்துவிட்டது.

அவருக்குப் பின் வந்தவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்துப் பொறுப்பேற்ற வில்லியம் மெக்கூன் நெடுங்காலம் லேண்டோடு உழைத்த பொறியாளர். போலராய்டின் ஆய்வுக்கூடங்களில் 1980களிலேயே மின்னணுப் படப்பிடிப்பு ஆய்வுகள் நடந்தன. 1990களின் தொடக்கத்தில் டிஜிட்டல் கேமராவின் மாதிரியும் தயாராக இருந்தது. எனினும் சந்தைக்கு 1996ல்தான் அது வந்தது. காரணம் எளிது. கேமராவைக் குறைந்த லாபத்தில் விற்று, படச்சுருளில் லாபத்தை அள்ளுவதே லேண்ட் காலத்திலிருந்து வந்த வணிக முறை. படச்சுருளே தேவைப்படாத கேமராவைத் தங்கள் கையாலேயே விற்பது என்பது, அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுவதாகவே நிர்வாகிகளுக்குத் தோன்றியது. காப்புரிமை வழக்கில் கோடக் நிறுவனத்தை வென்று 1991ல் 92.5 கோடி டாலர் பெற்ற வெற்றியும் அவர்களுக்கு விழிப்பைத் தரவில்லை. 2001 அக்டோபரில் போலராய்டு திவால் மனு அளித்தது. தலைவரின் கருவிகளையும் கணக்குகளையும் வாரிசுகள் பத்திரமாகக் காத்தார்கள். பழையதைத் தூக்கியெறியும் அவருடைய துணிவு மட்டும் அவர்களுக்குக் கைமாறவில்லை.

இனி யேனா நகருக்குச் செல்வோம்.

1846ல் கார்ல் ஸைஸ் என்ற கைவினைஞர் அங்கு ஒரு சிறிய பட்டறை திறந்தார். அவருடைய நுண்ணோக்கிகள் நல்ல பெயரெடுத்தன. ஆயினும் அக்காலத்தில் எல்லோரும் செய்ததுபோல, கண்ணாடிகளைத் தேய்த்து, பொருத்திப் பார்த்து, சரிவரும்வரை மாற்றிக்கொண்டே போவதுதான் அவரது முறையும். கைப்பழக்கம் மிகுந்த தொழிலாளி இறந்தால் அவனோடு தரமும் போய்விடும். இதை மாற்ற விரும்பிய ஸைஸ், 1866ல் பல்கலைக்கழக இயற்பியலாளரான எர்ன்ஸ்ட் அப்பேயை அணுகினார். 1873ல் அப்பே நுண்ணோக்கியின் கோட்பாட்டை வெளியிட்டார். ஒளியின் அலைநீளம், நுண்ணோக்கி காட்டக்கூடிய நுட்பத்துக்கு எவ்வாறு எல்லை வகுக்கிறது என்பது அதில் விளக்கப்பட்டது. அதன்பின் லென்ஸ் முதலில் தாளில் கணக்கிடப்பட்டு, பிறகே பட்டறைக்குச் சென்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். யேனாவில் ஏடுதான் உதவியது. கையிலிருக்கும் திறமையைக் கைமாற்றுவது கடினம். கணக்கை எவரும் கற்கலாம். 1884ல் ஓட்டோ ஷாட்டோடு சேர்ந்து கண்ணாடி ஆலையும் தொடங்கப்பட்டது.

1888ல் ஸைஸ் மறைந்தார். பங்குதாரராகியிருந்த அப்பே பெருஞ்செல்வராக வாழ்ந்திருக்கலாம். அவரோ ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகன். தந்தை நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றதைச் சிறுவனாகக் கண்டவர். 1889ல் கார்ல் ஸைஸ் அறக்கட்டளையை நிறுவினார். 1891ல் ஆலையின் உடைமை அதற்குச் சென்றது. தம் பெயரைச் சூட்டாமல் இறந்த நண்பரின் பெயரைச் சூட்டினார். 1896ல் வகுத்த சாசனத்தில் ஊதியத்துடன் விடுப்பு, ஓய்வூதியம், லாபத்தில் பங்கு ஆகியவை இடம்பெற்றன. தொழிலாளரின் சராசரி ஊதியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் எந்த நிர்வாகியும் பெறலாகாது என்ற விதியும் இருந்தது. லாபத்தின் ஒரு பகுதி யேனா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. 1900ல் எட்டு மணி நேர வேலை நாள் நடைமுறைக்கு வந்தது.

அப்பே 1903ல் ஓய்வு பெற்றார், 1905ல் மறைந்தார். அவருக்குப் பின் முன்னணியில் நின்ற ஸீக்ஃபிரீட் சாப்ஸ்கி 1907லேயே காலமானார். இரண்டே ஆண்டுகளில் இரு தலைவர்களை இழந்தும் நிறுவனம் தளரவில்லை. வால்ட்டர் பாவர்ஸ்ஃபெல்ட் என்ற பொறியாளர் வடிவமைத்த, விண்மீன்களைக் குவிமாடத்தில் வீழ்த்திக் காட்டும் முதல் கோளரங்கக் கருவி 1923ல் யேனாவில் உருவாகி, மியூனிக் அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டது. அப்பே கனவிலும் எண்ணியிராத பொருள் அது.

ஸைஸ் நிறுவனத்தைக் குறையற்றதாகச் சித்திரிப்பதும் பிழை. 1932ல் டச்சு இயற்பியலாளர் ஸெர்னிக் தம் கட்ட வேறுபாட்டு முறையை யேனாவுக்குக் கொண்டு சென்றபோது அதற்கு உற்சாகமான வரவேற்பு கிடைக்கவில்லை. அதே கண்டுபிடிப்புக்கு 1953ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது அடிமைகளைப்போல் பிடித்து வரப்பட்டவர்களின் கட்டாய உழைப்பும் அவ்வாலைகளில் பயன்படுத்தப்பட்டது. மானுட மாண்பைப் பேசிய சாசனம் அதைத் தடுக்கவில்லை. 1945க்குப் பின் அமெரிக்கர் முக்கிய அறிஞர்களை மேற்கே கொண்டு சென்றனர். சோவியத் படையினர் ஆலைகளின் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துச் சென்றனர். கிழக்கில் யேனா, மேற்கில் ஓபர்கோஹன் என நிறுவனம் இரண்டாயிற்று. ஜெர்மனி இணைந்தபின் 1991ல்தான் அவை மீண்டும் கைகோத்தன. இன்று அதிநவீனச் சில்லுகளை அச்சிடும் புற ஊதாக் கதிர் இயந்திரங்களின் ஆடிகள் ஸைஸிலிருந்தே செல்கின்றன. நிறுவனம் இன்றும் அந்த அறக்கட்டளையின் உடைமையே.

லேண்டைவிட அப்பே பெரிய மேதை என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. கற்பனை வீச்சில் லேண்டே மேலானவராக இருக்கக்கூடும். ஆனால் லேண்ட் விட்டுச் சென்றது தாம் கண்ட விடைகளை. அப்பே விட்டுச் சென்றது விடை காணும் முறையை. விடைகளுக்கு ஆயுள் உண்டு. 2008ல் போலராய்டு உடனடிப் படச்சுருள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபின், நெதர்லாந்திலிருந்த அதன் கடைசி ஆலையை ஆர்வலர் சிலர் மீட்டெடுத்து, அப்படச்சுருளை மீண்டும் உருவாக்கினர். அந்தப் பழைய விடையின் அழகுக்கு அது சான்று. ஆயினும் ஒரு நிறுவனம் தன் தலைவருக்குப் பின்னும் வாழ வேண்டுமானால், அவருடைய விடையையே மறுக்கும் உரிமையை அவர் இருக்கும்போதே அடுத்தவருக்குத் தந்திருக்க வேண்டும். தாம் இல்லாத காலத்தைத் திட்டமிடுவதும் தொலைநோக்கில் அடங்கும். பெரும்பாலான தொலைநோக்காளர்களுக்கு எட்டாத தொலைவு அதுதான் போலும்.