திஸ்ஸ பாலசூரிய

திஸ்ஸ பாலசூரிய (1924–2013): இலங்கைக் கத்தோலிக்க இறையியலாளர், அமலமரித் தியாகிகள் சபைக் குரு. ஜென்மப்பாவம் குறித்த கருத்துகளுக்காக 1997இல் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் ஏற்கப்பட்டவர்.

பொருளியல் கற்ற இவர் கொழும்பு அக்குவைனாஸ் கல்லூரியின் அதிபராக இருந்தார். 1971இல் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நடுநிலையம் ஒன்றை நிறுவினார்.

இந்தத் தண்டனைக்குக் காரணமான ‘மரியாளும் மனித விடுதலையும்’ என்ற அவரது நூல் 1990இல் வெளிவந்தது. அது ஜென்மப்பாவக் கோட்பாட்டைக் கேள்விக்கு உள்ளாக்கியது. ஆதாமின் குற்றம் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் பற்றுகிறது, ஞானஸ்நானமே அதைக் கழுவுகிறது என்பது ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுசை எதிர்த்து அகுஸ்தீனார் வலியுறுத்திய கருத்து. திரெந்துச் சங்கம் 1546இல் அதை உறுதி செய்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவரல்லாத நாட்டில் வாழ்ந்த பாலசூரியவுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. பக்கத்து வீட்டுப் பௌத்தக் குழந்தையும் இந்துக் குழந்தையும் இறையருளுக்கு வெளியே பிறக்கின்றனவா? மனிதரிடம் தீமை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அது பிறப்புவழிக் குற்றமா என்றே கேட்டார். மரியாள் ஜென்மப்பாவமின்றி உற்பவித்தாள் என்ற கோட்பாடும் இந்தக் கேள்விக்குள் வந்துவிடுகிறது. அவருடைய சபையோ அந்த அமல அன்னையின் பெயரையே தாங்கியது. இதை எழுத அவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

1994இல் இலங்கை ஆயர்கள் நூலைக் குறித்து விசுவாசிகளை எச்சரித்தனர். கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் பிழைகளைச் சுட்டியது. தம் சொற்கள் திரித்துக் காட்டப்பட்டுள்ளன என்று பாலசூரிய 55 பக்கங்களில் பதிலளித்தார். ரோமாபுரி தயாரித்து அனுப்பிய விசுவாச அறிக்கையில் கையெழுத்திட மறுத்து, பாப்பரசர் ஆறாம் பவுலின் 1968ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய இறையியல் வளர்ச்சியையும் இறையியலாளரின் சுதந்திரத்தையும் சொல்லும் ஒரு வாக்கியத்தை அதில் சேர்த்திருந்தார். அதைப் பேராயம் ஏற்கவில்லை. 1997 ஜனவரி 2 தேதியிட்ட அறிவிப்பால் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்ட 72 வயதுக் குருவுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் எனும் திருச்சடங்குகள் மறுக்கப்பட்டன. கேள்வி கேட்டவருக்கு உரையாடலே உரிய பதில். புறம்பாக்கமோ மிகக் கடுமையான தண்டனை.

1998 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. தாம் சேர்த்த அந்த வாக்கியமின்றி, ஆறாம் பவுலின் அதே அறிக்கையில் கையெழுத்திட்டார். தம் எழுத்தில் கடும் பிழைகள் இருப்பதாகக் கருதப்பட்டதையும் அதனால் திருச்சபையில் பிளவு நேர்ந்ததையும் குறிப்பிட்டு வருந்தினார். பிழை செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. விசுவாசம் குறித்து இனி எழுதுவனவற்றுக்கு ஆயரின் அனுமதி பெறவும் இசைந்தார்.

2013 ஜனவரி 17 அன்று, குருவாகவே கொழும்பில் காலமானார்.