எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே மருந்து

ஹைதராபாத் நகரத்தில் அபிட்ஸ் கடைவீதிக்கும் பஷீர்பாக்குக்கும் நடுவே, வங்கிக் கட்டிடங்களும் வாகன இரைச்சலும் நிறைந்த ஒரு பகுதிக்கு இன்றும் கன் ஃபவுண்டரி என்றே பெயர் வழங்குகிறது. பழைய நகரவாசிகள் அதைத் தோப் கா சாஞ்சா என்பார்கள். இரண்டாம் அஸஃப் ஜாவாகிய நிஜாம் அலி கானின் ஆட்சியில், மிஷெல் ரேமோன் என்ற பிரெஞ்சுத் தளபதி 1786-ஆம் ஆண்டளவில் அங்கே பீரங்கி வார்க்கும் சாலை ஒன்றை ஏற்படுத்தினார் என்பது ஊரறிந்த சங்கதி. சரித்திரக்காரர்கள் வார்ப்பைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுகிறார்கள். மருந்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பீரங்கியை ஒருமுறை வார்த்துவிட்டால் அது மூன்று தலைமுறைக்கு நிற்கும். அதன் வாயில் இடும் மருந்தோ ஒவ்வொரு வெடிக்கும் புதிதாக வேண்டும், மழையில் நனையக் கூடாது, வண்டியின் குலுக்கலில் கெடக் கூடாது, அதற்கும் மேலாக, எந்த ஆயுதத்தில் இடுகிறோமோ அந்த ஆயுதத்தின் சுபாவத்துக்கு இசைய வேண்டும். பலவகை ஆயுதங்களை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு, ஒரே மருந்தைக் கொண்டு எல்லாவற்றையும் நடத்திவிட முடியாதா என்ற ஆசை தோன்றுவது சகஜந்தான். தக்காணத்தின் நடுவில், காலக்கிரமத்தில் கடற்கரையையும் இழந்து நின்ற இந்த சம்ஸ்தானத்தில் அந்த ஆசை பட்ட பாட்டைச் சொல்ல விரும்புகிறேன்.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்ததுதான் கருமருந்து என்பது யாவருக்கும் தெரியும். நம் தேசத்தில் துவரைமாற்றின் கரியும் எருக்கின் கரியும் இதற்கு உகந்தவை என்று கருதப்பட்டன. தக்காணத்துக் கரிசல் நிலத்தில் துவரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கலவை ஒன்றாகவே இருந்தாலும் மருந்து ஒன்றாகிவிடுவதில்லை என்பதுதான் இதிலுள்ள சூக்ஷ்மம். ஒரே மரத்தைச் சீவலாக்கி அடுப்பில் இட்டால் குப்பென்று பற்றி அணைந்துவிடும், கட்டையாக இட்டால் நின்று எரியும்; அதைப் போலவே பொடிமணி மருந்து கணத்தில் எரிந்து தீர்கிறது, பருமணி மருந்து சற்று நிதானித்து எரிகிறது. பெரிய பீரங்கியில் பொடிமணியை நிறைய இட்டால், கனத்த குண்டு நகரத் தொடங்குவதற்குள் அழுத்தம் மிகுந்து குழாயே பிளந்துபோக நேரும். சிறு துப்பாக்கியில் பருமணியை இட்டால், முழுவதும் எரிவதற்குள் குண்டு வெளியேறிவிட, எரியாத மிச்சம் குழாயில் கரியாகப் படியும். மணியே கட்டாத பழைய மாவு மருந்தின் உபத்திரவம் வேறு வகையானது: இறுக்கிக் கெட்டித்தால் நெருப்பு உள்ளே நுழைய வழியில்லை, நெடுந்தூரம் வண்டியில் கொண்டுபோனால் மூன்று சரக்கும் பிரிந்துவிடும். ஆகையினால்தான் ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே மருந்தை நனைத்துத் திரட்டி, உலர்த்தி, சல்லடையில் சலித்து, மணியின் பருமனுக்குத் தக்கபடி பிரித்து வைக்கும் வழக்கம் தோன்றிற்று. பீரங்கிக்கு ஒன்று, கைத்துப்பாக்கிக்கு ஒன்று, இவ்விரண்டுக்கும் புறம்பாக, பற்றவைக்கும் துளையில் இடுவதற்கு நம்மவர் ரஞ்சகம் என்று சொல்லும் மிக நுண்ணிய பொடி ஒன்று என்று குறைந்தது மூன்று தினுசாவது ஒரு சேனைக்கு வேண்டியிருந்தது.

கோல்கொண்டாவில் இந்த விஷயத்தின் கௌரவம் அனைத்தையும் ஒருங்கே காணலாம். 1687-இல் ஔரங்கசீபின் சேனை எட்டு மாத காலம் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. முகலாயர் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி மருந்தை நிறைத்தார்கள். உள்ளேயிருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்து, எதிர்ச்சுரங்கம் வைத்து, தங்கள் பக்கத்து மருந்தை அகற்றி நீரைப் பாய்ச்சிவிட்டார்கள். திரி கொளுத்தியபோது வெடி வெளிப்பக்கமாகவே கிளம்பி, முற்றுகையிட்டவர்களையே மாய்த்தது. அதோடு ஜூன் மாதத்து மழையும் சேர்ந்துகொண்டது. முடிவில் கோட்டை விழுந்தது மருந்தினால் அன்று, திட்டிவாசலைத் திறந்துவிட்ட ஒரு துரோகியினால் என்பதைப் படிக்கும்போது, அத்தனை மருந்தும் வீணாயிற்றே என்று ஒரு கிடங்குக் கணக்கன் பெருமூச்செறிந்திருப்பான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முகமது அலி அரபு என்ற வார்ப்பாசான் செய்த ஃபதே ரஹ்பர் என்னும் பீரங்கி இன்னமும் பேட்லா புருஜின்மேல் கிடக்கிறது. அந்தக் காலத்து முகலாயப் பீரங்கிகள் பலவற்றில், குண்டு இத்தனை சேர், மருந்து இத்தனை சேர் என்று பாரசீக எழுத்தில் பீரங்கியின் உடம்பிலேயே பொறித்துவிடுவது சம்பிரதாயம். சுடுகிறவன் மாறலாம், கிடங்கு மாறலாம். அளவு மட்டும் மாறக் கூடாது என்ற முன்யோசனை அது. பல ஆயுதங்களை ஒரே மருந்தினால் சமாளித்தவர்கள் எல்லாரும் உண்மையில் இந்த அளவைக் கொண்டே சமாளித்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மருந்து செய்வதையே பெருந்தொழிலாக நடத்தியவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். நம் பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் அங்கே ஒரு மருந்துச்சாலை வைத்து, கீழ்த்திசையிலிருந்த தங்கள் பண்டகசாலைகளுக்கும் தாய்நாடு திரும்பும் கப்பல்களுக்கும் மருந்து அனுப்பி வந்தார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் அந்தப் பிரதேசமே கோல்கொண்டாவின் ஆதீனத்துக்கு வந்தது. ஆனால் வெடியுப்பின் மூலஸ்தானம் பீகார். பிளாசி யுத்தத்துக்கு மறுவருஷம், 1758-இல், பீகாரின் வெடியுப்பு முழுவதற்கும் ஆங்கிலக் கம்பெனி ஏகபோகம் பெற்றுக்கொண்டது; அதற்கடுத்த வருஷமே மசூலிப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நிஜாமின் ராஜ்யத்துக்குக் கடல்வழி அடைபட ஆரம்பித்தது அப்போதுதான்.

பிரான்ஸ் தேசத்தையும் இதே வெடியுப்புப் பஞ்சம் வாட்டிற்று. 1775-இல் அத்தேசத்து அரசாங்கம் மருந்து உற்பத்தியைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டபோது, அதை நடத்த நியமித்தவர்களில் ஒருவர் ரஸாயன சாஸ்திரத்தின் பிதாவாகிய லவாசியே. அதே 1775-இல்தான் காஸ்கனி நாட்டு இளைஞனான ரேமோன் வியாபாரம் செய்வதற்கென்று புதுச்சேரியில் வந்து இறங்கினார். வியாபாரம் அவருக்கு ஒத்துவரவில்லை, யுத்தம் ஒத்துவந்தது. நிஜாமிடம் சேர்ந்து அவர் திரட்டிய படை நாளடைவில் பதினாயிரம் பேருக்கு மேல் பெருகிற்று. அவர்கள் எல்லாருக்கும் ஐரோப்பிய மாதிரியில் சக்கிமுக்கித் துப்பாக்கியும் ஒரே பயிற்சியும் கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் எண்ணுகிறேன். பீரங்கிச் சாலைகூட அதற்கு அடுத்தபடிதான். துப்பாக்கிகள் ஒரே மாதிரியாக இருந்தால், குண்டையும் மருந்தையும் முன்கூட்டியே அளந்து காகிதத்தில் சுருட்டித் தோட்டாவாகக் கட்டி வைக்கலாம். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிதளவைக் கிண்ணியில் ரஞ்சகத்துக்குப் பதிலாகக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் குழாயில் இடலாம். ரஞ்சகமென்று தனிப்பொடி சுமக்க வேண்டியதில்லை. காலாட்படையின் அளவிலாவது, ஒரே மருந்து என்ற ஆசை இவ்விதம் கைகூடிற்று. ஆயுதத்தை ஒன்றாக்கிய பிற்பாடே மருந்தும் ஒன்றாயிற்று.

அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1795-இல் கர்தாவில் மராட்டியரோடு பொருத ரேமோன் 1798 மார்ச்சில் காலமானார். கறுப்புத் தூபியோடு கூடிய அவருடைய சமாதி சரூர்நகர்ப் பக்கத்துக் குன்றின்மேல் இருக்கிறது, மூசாராம்பாக் என்ற இடப்பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே வருஷம் செப்டம்பரில் நிஜாமுக்கும் ஆங்கிலேயருக்கும் உடன்படிக்கை; அக்டோபரில், சம்பளத்துக்காகச் சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளையே சிறைப்பிடித்துக் கலகம் செய்துகொண்டிருந்த வேளை பார்த்து, ஆங்கிலேயர் ரத்தம் சிந்தாமலே அந்தப் படையைக் கலைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிற்பட்ட ஹைதராபாத், ஆயுத விஷயத்தில் ஒரு விசித்திரமான கதம்பம். அரபுக் கூலிப்படையினர், ரோஹில்லாக்கள், பாய்கா பிரபுக்களின் சொந்தப் பரிவாரங்கள், ஆங்கில அதிகாரிகளின் கீழ் நிஜாமின் செலவில் நடந்த கண்டிஞ்செண்ட் படை என்று பல சேனைகள் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. திரித்துப்பாக்கி வைத்திருந்தவன் தன் இடுப்பில் தொங்கிய மருந்துக் கொம்பையே நம்பியிருந்தான். அவனுக்குத் தினுசு தினுசாக மருந்து யார் தருவார்கள்? கிடைத்த மருந்தை வாங்கி, நீண்ட குழாய்க்கு ஓர் அளவு, குட்டையானதற்கு ஓர் அளவு என்று அனுபவத்தினால் அறிந்து இட்டான். வீரியம் குறைந்த சரக்கானால் ஒரு சிட்டிகை கூட்டினான். கருமருந்து அந்த மட்டுக்குக் கருணையுடையது. சிறிது கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த புகையில்லா மருந்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. 1884-இல் பிரான்ஸில் பால் வியேய் அதைக் கண்டுபிடித்தார்; சில வருஷங்களில் ஆங்கிலேயரின் கார்டைட் தோன்றிற்று; நம் நீலகிரியில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் அதற்கென்றே தொழிற்சாலை எழுந்தது. கார்டைட் மணியாக வராமல் கயிறாக வந்தது: துப்பாக்கிக்கு மெல்லிய இழை, பீரங்கிக்குத் தடித்த வடம். மணியின் பருமன் பேசிய அதே நியாயத்தை இழையின் பருமன் பேசிற்று. சரக்கு ஒன்றுதான், மருந்து வேறுவேறு. வேட்டையில் மோகம் கொண்டு, சுட்ட தோட்டாக்களை மறுபடி நிரப்பிப் பழகியவர்கள் பாடு அதைவிடச் சங்கடமானது. அவர்கள் கைவசமிருந்தது கருமருந்துக்காகச் செய்த அளவுக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தைப் புது மருந்தால் நிரப்பினால் பழைய துப்பாக்கி தாங்காது. ஐரோப்பாவில் புகையில்லா மருந்துக்கென்று தனியே சோதித்து, தேறிய குழாயில் தனி முத்திரை குத்தும் வழக்கம் ஏற்பட்டது இதனால்தான். பழைய வார்ப்பாசான் பீரங்கியின் உடம்பில் சேர்க்கணக்கைப் பொறித்ததும், புதிய சோதனைச்சாலைக்காரன் குழாயில் முத்திரை குத்தியதும் ஒரே கவலையினால் விளைந்தவை.

1948-இல் இந்திய யூனியனோடு பிணக்கு முற்றி, வெளியிலிருந்து ஆயுதம் வருவது தடைப்பட்டபோது, சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து இரவில் பறந்துவந்து நிஜாமின் அரசுக்கு ஆயுதங்களை இறக்கினார். கடற்கரையற்ற ராஜ்யத்துக்கு ஆகாயமே துறைமுகமாயிற்று. ஆலையில் அடைத்த தோட்டாவின் காலம் அது. ஒரு தினுசுத் துப்பாக்கிக்குச் செய்த தோட்டா பெரும்பாலும் வேறு தினுசில் பொருந்தாது, கொம்பைச் சாய்த்து ஒரு சிட்டிகை கூட்டிக் குறைக்கும் சௌகரியமும் சிப்பாயிடம் இல்லை. அந்த செப்டம்பர் 13-ஆம் தேதி எல்லையைக் கடந்த இந்தியச் சேனையின் முன் நிஜாமின் படை ஐந்து நாளுக்குள் சரணடைந்தது.