ரிலாக்ஸ்: தளர்த்தலிலிருந்து தளர்தல் வரை

'ரிலாக்ஸ்' என்றால் இளைப்பாறு என்றே இன்று பொருள்கொள்கிறோம். ஆனால் இந்த ஆங்கில வினை பிறந்த இடத்தில் இளைப்பாறல் இல்லை. ஒரு கட்டும் அதை அவிழ்க்கும் கையுமே இருந்தன. லத்தீனில் 'லாக்ஸுஸ்' என்பது தளர்ந்ததைக் குறிக்கும். அதிலிருந்து வந்த 'ரெலக்ஸாரே'வுக்குத் தளர்த்துதல், திறந்துவிடுதல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியே வந்த 'ரிலீஸ்' இதன் உடன்பிறப்பு. வீட்டு 'லீஸ்', மலமிளக்கியான 'லாக்சேட்டிவ்' இரண்டும் அதே குடும்பத்தவை.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது செயப்படுபொருள் குன்றா வினை. இறுகிய பொருளை ஒருவர் நெகிழ்த்த வேண்டும். பிறகு சட்டத்தையும் ஒழுங்கையும் தளர்த்துவதற்கும் இது பயன்பட்டது.

இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கியது ஸ்பெயின் நாட்டுப் பக்கம். 1478இல் அங்கே நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றம், கொடிய சமயக் குற்றவாளி எனத் தீர்த்தவரைத் தானே கொல்லாது. ரத்தம் சிந்துவதைத் திருச்சபைச் சட்டம் தடுத்தது. ஆகவே அவரை அரசு அதிகாரிகளிடம் 'தளர்த்தி' விடும். அவர்கள் எரித்துக் கொல்வார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவருக்கு 'ரெலஹாதோ' என்று பெயர். தப்பியோடியவருக்கும் இறந்துபோனவருக்கும் பதிலாக உருவப்பொம்மை எரிந்தது. ஆங்கிலத்திலும் 'ரிலாக்ஸ்' இந்தப் பொருளில் வழங்கியிருக்கிறது. கையிலிருந்து விடுவது என்ற மூலப்பொருள் சற்றும் மாறவில்லை. யார் கையில் விடுகிறார்கள் என்பதில்தான் ஓர் உயிர் போயிற்று.

'ரிலாக்சேஷன்' என்ற பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே வேலைக்கு நடுவே கிடைக்கும் பொழுதுபோக்கைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. வினை பின்தங்கியே வந்தது. மனிதர் தாமே இறுக்கம் நீங்குவது என்ற செயப்படுபொருள் குன்றிய வழக்கு வேரூன்றியது 1930களில்தான். அதற்கு வழி திறந்தவர்களில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் முக்கியமானவர் என்பேன். 1929இல் வெளியான 'ப்ரோக்ரெசிவ் ரிலாக்சேஷன்' நூலில் தசைகளை ஒவ்வொன்றாகத் தளரவிடும் பயிற்சியை விளக்கினார். மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கி, முன்கையில் எழும் இறுக்கத்தை உணர்ந்து, பிறகு விட்டுவிட வேண்டும். தளர வேண்டுமென்று முயன்றால் அந்த முயற்சியே இறுக்கமாகிவிடும் என்று அவர் எச்சரித்தார். 1934இல் பொதுவாசகருக்காக எழுதிய நூலுக்கு 'யூ மஸ்ட் ரிலாக்ஸ்' என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பில் செயப்படுபொருள் இல்லை. தளர்த்துபவரும் தளர்பவரும் ஒருவரே.