சொல் முந்தியா, அடி முந்தியா? பிரிட்டன் ராப்பும் விழுப்புரத்துப் பம்பையும்

1. எல்லை

பிரிட்டனில் ராப் பாடுகிறவர்களில் பலர் டிரம் அண்ட் பேஸ், ஹிப் ஹாப் என்ற இரண்டு இசைவகைகளிலும் மாறி மாறிப் பாடி வந்தவர்கள். இசைப் பத்திரிகைகள் இதைக் கட்சி தாவலைப் போல எழுதுவது வழக்கம்: இவர் அதை விட்டு இதற்கு வந்தார், பிறகு பழைய இடத்துக்கே திரும்பினார் என்று. அந்தப் பார்வை பாதிதான் சரி. இரண்டுக்கும் நடுவே உண்மையில் எது மாறுகிறது என்பதைப் பார்க்க, லண்டனை விட்டுத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வருவது பயன் தரும் என்பது என் கருத்து. சொல் அடிக்குக் காத்திருக்கிறதா, அடி சொல்லுக்குக் காத்திருக்கிறதா என்ற ஒரே கேள்விதான் இந்தக் கட்டுரையின் அச்சு.

டிரம் அண்ட் பேஸ் என்பது 1990களின் தொடக்கத்தில் லண்டனிலும் பிரிஸ்டலிலும் வளர்ந்தது. ஜங்கிள் என்பது அதன் முந்தைய பெயர். துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய வேகமான டிரம், அதன் அடியில் மெதுவாக நகரும் கனமான பேஸ். மைக் பிடிப்பவரை எம்சி என்பார்கள். ஹிப் ஹாப்பிலும் அவர் எம்சிதான், ஆனால் வேலை வேறு. அதை மூன்றாம் பகுதியில் பார்ப்போம்.

2. எண்

டிரம் அண்ட் பேஸ் நிமிடத்துக்கு 170 முதல் 180 அடி ஓடும். ஹிப் ஹாப் பெரும்பாலும் 80க்கும் 100க்கும் இடையில் நடக்கும். 172ஐப் பாதியாக்கினால் 86. நம் மேளக்காரர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் வியக்க மாட்டார்கள். கீழ்க்காலம், மேல்காலம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். தாளம் அதேதான், அதற்குள் எத்தனை அடி நிரப்புகிறோம் என்பதுதான் வேறு.

இரண்டு வகைக்கும் ஒரே டிரம்தான் மூலமாக இருந்திருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் 'ஆமென், பிரதர்' என்ற பாட்டை ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. அதன் நடுவே மற்ற கருவிகள் எல்லாம் நின்று, கிரகரி கோல்மன் என்ற டிரம்மர் மட்டும் நான்கு ஆவர்த்தனம் வாசிப்பார். மொத்தம் ஏழு விநாடி போல வரும், வேகம் ஏறத்தாழ 136. 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழு 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பாட்டில் அதைத் தணித்துப் பயன்படுத்தியது. சில ஆண்டுகளில் லண்டன் இளைஞர்கள் அதையே முடுக்கி 160க்கு மேல் ஏற்றினார்கள். தணித்தால் ஹிப் ஹாப், முடுக்கினால் ஜங்கிள்.

வேகத்தை ஏற்றினாலும் பேஸ் மட்டும் பாதி வேகத்தில்தான் நடக்கிறது. இங்குதான் பாடுகிறவருக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. டிரம்மோடு ஓடலாம், பேஸோடு நடக்கலாம். ஒரே பாட்டுக்குள் இரண்டையும் செய்யலாம். ஆகவே வேகத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கப் பார்ப்பவர் சீக்கிரமே சிக்கிக்கொள்வார்.

3. மைக் பிடித்தவரின் இரண்டு வேலை

மூலம் ஜமைக்கா. அங்கே தெருவில் சவுண்ட் சிஸ்டம் எனப்படும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டைச் சுழலவிட்டு, அதன் மேல் ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே போவார். கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க் சென்ற கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில் ஒரு குடியிருப்பின் பொது அறையில் நடத்திய விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அதே ஜமைக்கா வழக்கம் கப்பலேறி லண்டனுக்கும் போனது. சாக்ஸன் என்ற சவுண்ட் சிஸ்டத்தில் வளர்ந்த ஸ்மைலி கல்ச்சர் 1984இல் 'போலீஸ் ஆபீசர்' பாட்டின் மூலம் பிரிட்டன் பட்டியலில் ஏறினார். ஆக, நியூயார்க் ராப்பும் லண்டன் ஜங்கிளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், வளர்ந்த ஊர்தான் வேறு.

வளர்ந்த ஊர் வேலையை மாற்றிவிட்டது. ஜங்கிள் இரவில் எம்சி கூட்டத்தை நடத்துபவர். டிஜே பெயரைச் சொல்வார், வந்தவர்களுக்கு வணக்கம் வைப்பார், டிரம் வெடிக்கும் இடத்துக்கு முன்னால் ஒதுங்கி நிற்பார். நீண்ட வாக்கியம் அங்கே எடுபடாது. ஹிப் ஹாப்பில் அவர் எழுத்தாளர். கதையும் வாதமும் வசையும் அவர் கையில், டிரம் ஓரமாக நின்று தாங்கிக் கொடுக்கும்.

பிரிஸ்டலின் ரோனி சைஸ், ரெப்ரசென்ட் குழுவின் 'நியூ ஃபார்ம்ஸ்' தொகுப்பு 1997இல் மெர்குரி பரிசு வென்றது. அந்த ஆண்டு போட்டியில் இருந்த ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' அதனிடம் தோற்றது. ரெப்ரசென்ட்டில் மைக் பிடித்த டைனமைட் எம்சி பின்னால் ஹிப் ஹாப்பிலும் தன் பெயரில் பாடினார். குரல் அதேதான், முன்னதில் அவர் மேடையின் ஓர் உறுப்பு, பின்னதில் மேடையே அவர். ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் 1993இல் லண்டனில் ஓர் இசைப் பயிற்சிக் கூடத்தில் உருவானது. வங்காளிக் குடும்பத்துப் பையன் தீதர் ஜமான் ஜங்கிள் வேகத்தின் மேல் நீண்ட அரசியல் வாக்கியங்களை ஓட்டிக் காட்டினார். எழுத்தாளன் வேலையையும் கூட்டம் நடத்துபவன் வேலையையும் ஒரே மூச்சில் செய்ய முடியும் என்பதற்கு 1998இல் வந்த அந்தக் குழுவின் 'ராஃபீஸ் ரிவெஞ்ச்' தொகுப்பைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

4. மலையனூர் போகும் வழியில்

சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில் புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் பிரியும் இடம் திண்டிவனம். அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள் விழுப்புரம் ஜங்ஷன். தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில் அமாவாசை மாலைகளில் பேருந்துகள் நிரம்பி வழிவது ஓர் ஊருக்காக: மேல்மலையனூர். நடத்துனர் 'மலையனூர், மலையனூர்' என்று கூவினால் போதும். நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம். மாசியில் மயானக்கொள்ளை.

இந்தப் பக்கத்தின் கருவி பம்பை. தெற்கே மதுரை, திண்டுக்கல் பக்கம் உருமிக்கு உள்ள மவுசு இங்கே பம்பைக்கு. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரட்டை மேளம், ஒன்று மரம், மற்றது உலோகம். கூடவே உடுக்கை, கைச்சிலம்பு. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரலால் அழுத்தித் தளர்த்தும்போது ஒலி கீழே சரிந்து மேலே எழும். கணினியில் பேஸ் ஒலியை வளைப்பதற்கு லண்டன்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடு பெரியது. இங்கே அது நான்கு விரலின் வேலை.

ஆடிக் கூழ், காப்புக் கட்டு, கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படையல் என்று எதற்கு அழைத்தாலும் பம்பைக்காரரின் நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். முதலில் பிள்ளையாரைத் துதித்துவிட்டு வர்ணிப்பைத் தொடங்குவார். அம்மன் எங்கே பிறந்தாள், எங்கே அலைந்தாள், என்ன உடுத்தியிருக்கிறாள், எந்தெந்த ஊரில் இருக்கிறாள் என்று வாக்கியம் நீளும். அப்போது மேளம் அடங்கிக் கிடக்கும், வரி முடிந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னத் தீர்மானம் வைத்து அடுத்த வரிக்கு வழிவிடும். இது சொல்லின் ஆட்சி, ஹிப் ஹாப் முறை.

பிறகு வரிகள் குறுகும். வாக்கியம் பெயராகும், பெயர் விளியாகும். மேளத்தில் அடிகள் நெருங்கும், உடுக்கை உதறும், சிலம்பு ஓயாது. சொல் இப்போது மேளத்தை உந்தும் ஒரு கூப்பிடுதல் மட்டும். யாருக்காவது அருள் வருகிற கட்டம் இதுதான். ஜங்கிள் எம்சி நள்ளிரவுக்குப் பின் செய்வது இதே வேலை.

லண்டனில் இல்லாத மூன்றாவது கட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. அருள் வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டுப் பம்பைக்காரர் கேள்வி கேட்கத் தொடங்குவார். வந்திருப்பது யார், எதற்காக வந்தாய், என்ன குறை, என்ன வேண்டும். பதில் வரும்வரை விடமாட்டார். பதில் பிடிக்கவில்லை என்றால் மறுபடி மேளத்தை எடுப்பார். செஞ்சிப் பகுதியில் களப்பணி செய்து 2000இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் இசபெல் நபோக்கவ் இந்தக் கேள்வி பதிலுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். நான் இதில் பார்ப்பது வேறொன்று. கீழ்க்காலத்தில் கதை சொல்லி, மேல்காலத்தில் கூட்டத்தை எழுப்பி, மேளமே இல்லாமல் வாதம் செய்து, மூன்றையும் ஒரே ஆள் ஒரே இரவில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். அவர் வகை மாறினார் என்று யாரும் எழுதுவதில்லை.

தெருக்கூத்திலும் இதற்கு இணையான பகுப்பு உண்டு. விருத்தம் தாளத்தில் கட்டுப்படாமல் போகும், தரு தாளத்தோடு போகும், வசனம் பேச்சு. திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையம் செஞ்சிதான் என்று ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இல் ஒரு முழு நூல் எழுதினார். பாரதத் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் அதே கதை கூத்தாகும். கட்டியக்காரன் வேலை ஜங்கிள் எம்சியை நினைவூட்டும்: வருகிற ராஜாவை அறிமுகப்படுத்துவான், உள்ளூர் ஆளைக் கிண்டல் செய்வான். அன்பளிப்புத் தந்தவர் பெயரும் கூத்தை நிறுத்திவிட்டு மேடையிலிருந்தே அறிவிக்கப்படும். ஜங்கிள் கூட்டம் ஆரவாரித்தால் டிஜே தட்டைப் பின்னால் சுழற்றி மறுபடி தொடங்குவார். நம் பக்கத்தில் அதற்கு ஒன்ஸ்மோர்.

ஜமைக்கா தெருவில் அடுக்கியது போன்ற பெட்டிகளும் இங்கே இல்லாமல் இல்லை. ஆடி மாதத்தில் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் குட்டியானையில் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விசித்திரம்: திறந்தவெளி இரவுக் கூட்டங்களைக் கலைக்க அதிகாரம் கொடுத்தபோது, திரும்பத் திரும்ப வரும் அடிகளால் ஆன இசை என்று அந்த இசையின் தாளத்தையே வரையறைக்குள் எழுதிவைத்தது. பம்பைக்கு அப்படி ஒரு பிரிவு எழுத எந்த சர்க்காருக்கும் துணிவு வராது.

5. மாயாவின் 'கலா'

தமிழ்க் குரல் ஒன்று இந்த இரு முறைகளுக்கும் நடுவே சென்று வந்ததற்கு உலகறிந்த சான்று எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் விரட்ட 1986இல் லண்டனுக்கே அகதியாகத் திரும்பினார். தென் லண்டனில் மிட்சமின் ஃபிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்தார். முதல் தொகுப்பு 2005இல் தந்தையின் இயக்கப் பெயரில் 'அருளர்'. எம்சி 505 என்ற சிறு தாளக் கருவியில் உருவான பாட்டுகள் அதில் உண்டு. இரண்டாவது 2007இல் தாயின் பெயரில் 'கலா'. அவரை டிரம் அண்ட் பேஸ் பாடகர் என்று சீட்டு ஒட்ட முடியாது. ஹிப் ஹாப்பிலும் முழுதாக அடங்கமாட்டார். அதனால்தான் இங்கே பயன்படுகிறார்.

அமெரிக்க விசா சிக்கலானதால் 'கலா' பல நாடுகளில் பதிவானது, அதில் சென்னையும் ஒன்று. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டை முன்னே இழுப்பது உருமி மேளம். 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டின் துண்டும் அதில் இருக்கிறது. 'பாம்பூ பங்கா'வில் இளையராஜாவின் 'தளபதி' ஒலிக்கிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் மாயா வாக்கியம் கட்ட அதிகம் முயல்வதில்லை. வெட்டு வெட்டாகச் சொற்களை எறிகிறார், உருமி அவற்றை விழுங்கிவிட்டுப் போகிறது. பாட்டு வரியாக எடுத்துப் படித்தால் இது பலவீனமாகத் தெரியும், அப்படிச் சொன்ன விமர்சகர்களும் உண்டு. வர்ணிப்பின் இரண்டாம் கட்டத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் குறை தோன்றாது.

அதே தொகுப்பில் 'பேப்பர் பிளேன்ஸ்' நேர் எதிர். ஏறத்தாழ 86 அடி வேகம். பிரிட்டனின் தி கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டின் துண்டு அடியில் சுழல, மேலே நிதானமான, எகத்தாளமான பேச்சு. 2008இல் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. இதில் பல்லவி கவனிக்கத்தக்கது. வாக்கியம் நடுவில் நிற்கிறது, அந்த இடைவெளியைத் துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டி மணியும் நிரப்புகின்றன. சொல் ஆட்சி செய்யும் பாட்டிலும் நெருக்கடியான இடத்தில் அவர் சொல்லை விலக்கி அடியை விடுகிறார். மெதுவான பாட்டுக்குள் ஜங்கிள் எம்சியின் ஒதுங்கல் அது.

தமிழ்நாட்டுக்குள் இந்தப் பாதையில் நடப்பவர் அரக்கோணத்து அறிவு. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாவுக்கும் பறைக்கும் நடுவே ராப் பாடினார், 2019இல் 'தெருக்குறள்' தொகுப்பில் எழுத்தாளராக முன்னுக்கு வந்தார். அதை விரிக்க வேறு கட்டுரை வேண்டும்.

6. ஒப்புமை நிற்கும் இடம்

பம்பைக்காரரையும் ஜங்கிள் எம்சியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அருள் வராவிட்டால் பம்பைக்காரரின் இரவு வீண், வீட்டார் முகம் மாறும். எம்சிக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. தோல் கருவியோடு சாதி இழிவு ஒட்டிக்கொண்டிருப்பதும் நம் பக்கத்துக் கதை. பறையை நெருப்பில் காய்ச்சி, அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் எடுத்து வருகிறவரைத் தெருவோடு நிறுத்திய ஊர்கள், அந்த அடியைச் சினிமாவில் கேட்டால் விசில் அடிக்கின்றன.

காசு விஷயத்தில் மட்டும் இரு பக்கமும் நெருங்கி வருகின்றன. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் 'ஆமென்' ஏழு விநாடியை எடுத்தாண்டவர்கள் அதை வாசித்த டிரம்மர் கோல்மனுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அவர் 2006இல் இறந்தார். 2015இல் ரசிகர்கள் இணையத்தில் வசூலித்த 24,000 பவுண்டு சொச்சம் வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது செஞ்சி, திண்டிவனம் பக்கத்துப் பம்பை வர்ணிப்புகள் யூடியூபில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றிலிருந்து ஏழு விநாடியை வெட்டி எடுக்கச் செல்போனே போதும். தலைப்பில் அம்மன் பெயர் இருக்கும், ஊர் பெயர் இருக்கும், பல சமயம் பாடியவர் பெயரும் இருக்கும். உடுக்கை பிடித்தவர் யார் என்பதை அந்த ஊருக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.