ரீசார்ஜ் செய்தும் கரன்ட் வரவில்லையா? ஸ்மார்ட் மீட்டருக்கும் சிக்னல் வேண்டும்

பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடு. இருப்புத்தொகை தீர்ந்து கரன்ட் போய்விடுகிறது. உடனே செல்போனில் ரீசார்ஜ் செய்கிறார்கள். பணம் கிடைத்துவிட்டதாக எஸ்.எம்.எஸ். வருகிறது. கரன்ட் மட்டும் வரவில்லை. பணம் எங்கே சிக்கிக்கொண்டது?

பெரும்பாலும் பணம் எங்கேயும் சிக்கியிருக்காது. 'இந்த வீட்டுக்கு இணைப்பைக் கொடு' என்ற கட்டளைதான் வழியில் நின்றிருக்கும். அந்தக் கட்டளை மின் விநியோக நிறுவனத்தின் சர்வரில் இருந்து கிளம்பி, காற்றில் பயணம் செய்து, உங்கள் வாசலில் இருக்கும் மீட்டரைச் சேர வேண்டும். வழியில் சிக்னல் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

இணையத்தோடு இணைந்த கருவிகள், அதாவது ஐஓடி, என்றாலே நமக்கு ஸ்மார்ட் பல்பும் ஸ்மார்ட் வாட்ச்சும்தான் நினைவுக்கு வரும். இந்தியாவின் மிகப்பெரிய ஐஓடி திட்டங்களில் ஒன்று உங்கள் மீட்டர் பெட்டிக்குள் வந்துகொண்டிருக்கிறது. அது எந்த வழியில் பேசுகிறது என்று தெரிந்துகொள்வது ஏன் அவசியம்? வாங்க, பார்க்கலாம்.

*திட்டம் என்ன?*

மின் விநியோகத்தைச் சீரமைக்கும் ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 30 அன்று ஒப்புதல் அளித்தது. மொத்த மதிப்பீடு சுமார் 3.03 லட்சம் கோடி ரூபாய். விவசாய இணைப்புகள் தவிர்த்து, நாடு முழுவதும் 25 கோடி பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்த வேண்டும் என்பது இலக்கு. முதலில் குறித்த கெடு 2025 மார்ச். அந்தத் தேதிக்குள் இலக்கில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. பணிகள் தொடர்கின்றன.

மீட்டரை வாங்கிப் பொருத்துவதும், பல ஆண்டுகள் அதைப் பராமரித்துத் தகவலைக் கொண்டுவந்து சேர்ப்பதும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டர் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று அதற்குப் பணம் தரப்படுகிறது. ஆகவே மீட்டர் சுவரில் இருந்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும்.

*ஒரு மீட்டர் ஒரு நாளில் எவ்வளவு பேசும்?*

சின்னதாக ஒரு கணக்கு போடலாம். அரை மணி நேரத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளில் 48 பதிவுகள். ஒரு பதிவு 200 பைட் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோபைட். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் ஒரு சாதாரண போட்டோவே இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும்.

ஆக, ஒரு மீட்டரின் பேச்சு ரொம்பக் குறைவு. ஆனால் 25 கோடி மீட்டர்கள் பேசினால்? ஒரு நாளில் 1,200 கோடி பதிவுகள், சுமார் 2.4 டெராபைட். வேகமான இணைப்பு இங்கே தேவையில்லை. கோடிக்கணக்கான மூலைகளில் இருந்து, குறைந்த செலவில், தவறாமல் வந்து சேரும் இணைப்புதான் தேவை.

*வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே, போதாதா?*

போதாது. எந்த வயர்லெஸ் நுட்பத்தை எடுத்தாலும் தூரம், வேகம், மின்செலவு என்ற மூன்றில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

வைஃபை வேகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு விலையாகத் தூரத்தை விட்டது, மின்சாரத்தையும் நிறைய இழுக்கிறது. புளூடூத், ஜிக்பீ இரண்டும் பேட்டரியை மிச்சப்படுத்தின; ஆனால் அறைக்குள், வீட்டுக்குள் மட்டும்தான் எட்டும். ஸ்மார்ட் பல்புக்கு அது போதும்.

மீட்டர் விஷயம் வேறு. இரும்புப் பெட்டிக்குள், மாடிப்படிக்கு அடியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் என்று சிக்னல் நுழையத் தயங்கும் இடங்களில்தான் மீட்டர் உட்கார்ந்திருக்கும். தவிர, உங்கள் வீட்டு வைஃபையை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். அதை நம்பி மின் நிறுவனம் பில் போட முடியாது.

எனவே இந்திய ஸ்மார்ட் மீட்டர்களில் இரண்டு வழிகள்தான் அதிகம் பயன்படுகின்றன.

*வழி 1: பக்கத்து வீட்டு மீட்டர் மூலமாக*

இதற்கு ஆர்.எஃப். மெஷ் என்று பெயர். உங்கள் மீட்டர் பக்கத்து வீட்டு மீட்டரிடம் தகவலைச் சொல்லும். அது அடுத்த மீட்டரிடம் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறி, தெருக்கம்பத்தில் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் அருகில் பொருத்திய ஒரு சேகரிப்புப் பெட்டியை அடையும். அந்தப் பெட்டி செல்போன் நெட்வொர்க் அல்லது ஃபைபர் வழியாகச் சர்வருக்கு அனுப்பிவிடும்.

இந்தப் பேச்சு நடக்கும் இடம் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. 865–867 பகுதியைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 2005-லேயே அறிவித்தது. 2021-ல் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. அலைவரிசைக்கு ஏலமோ வாடகையோ இல்லை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் இது தாழ்ந்த அலைவரிசை, அதனால் சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும்.

நெருக்கமான நகரத் தெருக்களுக்கு இது நல்ல பொருத்தம். ஒரு மீட்டர் பழுதானால் தகவல் வேறு மீட்டர் வழியாகச் சுற்றிப் போய்விடும். சிக்கல் எங்கே? வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் கிராமங்களில். கைமாற்ற அடுத்த கை இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும். ஒரு தெருவில் பத்தில் இரண்டு வீட்டுக்கு மட்டும் மீட்டர் மாற்றியிருக்கும் ஆரம்பக் கட்டத்திலும் இதே கதைதான்.

*வழி 2: மீட்டருக்குள் ஒரு சிம்*

2018-ல், 'எல்லாருடைய செல்போன் எண்ணும் 13 இலக்கமாகப் போகிறது' என்று ஒரு வதந்தி பரவியது நினைவிருக்கிறதா? உண்மையில் அந்த 13 இலக்க எண்கள் நமக்கானவை அல்ல. ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசும் எம்2எம் சிம்களுக்கு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் கொடுக்கப்பட்டவை. மீட்டருக்குள் இருக்கும் சிம் அந்த வகைதான்.

இந்த வழியில் ஒவ்வொரு மீட்டரும் நேரடியாக டவரோடு பேசும். பக்கத்து வீட்டை நம்ப வேண்டாம், தனியாக நெட்வொர்க் கட்ட வேண்டாம். பொருத்திய அன்றே வேலை செய்யும். ஆனால் டவர் எட்டாத இடத்தில் மீட்டரும் ஊமையாகிவிடும். ஒவ்வொரு சிம்முக்கும் மாதச் செலவும் உண்டு.

செல்போன் நெட்வொர்க்கிலேயே கருவிகளுக்கென்று உருவான நுட்பம் என்.பி.-ஐஓடி. 2016-ல் இதன் தர விதிகள் இறுதியாயின. சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு குறுகிய பாதை இதற்குப் போதும். வேகம் குறைவு, ஆனால் பழைய ஜிஎஸ்எம் சேவையைவிட 20 டெசிபல் கூடுதலாக எட்ட வேண்டும் என்று வடிவமைத்தார்கள். எளிதாகச் சொன்னால், நூறில் ஒரு பங்காக வலுவிழந்த சிக்னலையும் பிடித்துக்கொள்ள முடியும். அடித்தள மீட்டர்களுக்கு இது கைகொடுக்கும், அந்தப் பகுதி டவரில் இந்தச் சேவை இருந்தால்.

*தண்ணீர் மீட்டருக்கும் இதே நுட்பம் சரிவருமா?*

கரன்ட் மீட்டருக்கு ஒரு வசதி இருக்கிறது: மின்சாரம் அதன் உள்ளேயே ஓடுகிறது. தண்ணீர் மீட்டர், குழாய் கேஸ் மீட்டர் இரண்டும் பேட்டரியை நம்பியவை, அதுவும் பல ஆண்டுகளுக்கு. அடுத்த மீட்டரின் தகவலைக் கைமாற்ற எந்நேரமும் விழித்திருந்தால் பேட்டரி தாங்காது.

அங்கேதான் லோரா வருகிறது. பிரான்ஸின் கிரனோபிள் நகரில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனத்தில் பிறந்த நுட்பம் இது. 2012-ல் அமெரிக்காவின் செம்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. லோராவை அடிப்படையாகக் கொண்ட லோராவான் நெட்வொர்க்கில் கருவி பெரும்பாலான நேரம் தூங்கும். எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். திறந்தவெளியில் பல கிலோமீட்டர் எட்டும். வேகம் நொடிக்குச் சில கிலோபிட் அளவில்தான். இந்தியாவில் இதுவும் அதே 865–868 அலைவரிசையைத்தான் பயன்படுத்துகிறது.

தூங்கும் கருவிக்கு நினைத்த நொடியில் கட்டளை அனுப்ப முடியாது. தண்ணீர் அளவைத் தெரிந்துகொள்ள அது பிரச்னை இல்லை. ரீசார்ஜ் செய்தவுடன் கரன்ட் கொடுக்க வேண்டிய மீட்டருக்கு ஒத்துவராது.

*சிக்னல் போனால் என்ன ஆகும்?*

மீட்டர் அளப்பதை நிறுத்தாது. பதிவுகளை உள்ளேயே சேமித்து வைத்து, தொடர்பு திரும்பியதும் அனுப்பும். பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. இந்திய முறையில் பிரீபெய்டு இருப்புக் கணக்கு பொதுவாக மீட்டருக்குள் இல்லை, சர்வரில் இருக்கிறது. கரன்ட்டைத் துண்டிப்பதும் திரும்பக் கொடுப்பதும் அங்கிருந்து வரும் கட்டளைகள். எனவே சிக்னல் இல்லாத இடத்தில் ரீசார்ஜ் பண்ணினால் பணம் உடனே சேரும், கரன்ட் தாமதமாக வரும்.

சிக்னல் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் ஒரே நேரத்தில் கரன்ட் போனது. தவறாகச் சென்ற துண்டிப்புக் கட்டளைதான் காரணம். அன்று தகவல் தொடர்பு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஸ்மார்ட் மீட்டர் என்பது தூரத்தில் இருந்து இயக்கும் ஒரு சுவிட்ச்சும்கூட. அதை யார், எந்தச் சரிபார்ப்போடு அழுத்துகிறார்கள் என்பது சிக்னலைப் போலவே முக்கியம்.

*2ஜி மூடப்பட்டால்?*

மீட்டர் ஒப்பந்தங்கள் பத்து ஆண்டுகளை ஒட்டியவை. செல்போன் தலைமுறைகள் அவ்வளவு காத்திருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016-லேயே 2ஜி-யை மூடிவிட்டது. 2033-க்குள் 2ஜி, 3ஜி சேவைகளை முடித்துக்கொள்வதாக பிரிட்டன் நிறுவனங்கள் சொன்னதால், அங்கே ஏராளமான ஸ்மார்ட் மீட்டர்களின் தொடர்புக் கருவிகளை மாற்ற வேண்டிய நிலை. இந்தியாவில் ஜியோ 2ஜி இல்லாமலேயே தொடங்கியது. ஏர்டெல் 3ஜி-யை மூடிவிட்டு 2ஜி-யை வைத்திருக்கிறது. 2ஜி-யை மட்டும் நம்பிய மோடம் உள்ள மீட்டர், ஒரு நாள் அளக்கத் தெரிந்தும் பேச முடியாத மீட்டராகிவிடலாம்.

*நீங்கள் என்ன செய்யலாம்?*

மீட்டர் பொருத்த வரும்போதே கேளுங்கள்: இது மெஷ்ஷா, சிம்மா? சிம் என்றால் எந்த நிறுவனம், 4ஜி-யா, என்.பி.-ஐஓடி-யா? மீட்டர் இருக்கும் இடத்தில் உங்கள் போனிலேயே சிக்னல் இல்லையென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவில் இருந்து படிக்க வேண்டும் என்கிறது 2023-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதி. ஆப்பில் தினசரி பயன்பாட்டைப் பாருங்கள். இடையிடையே நாட்கள் காலியாக இருந்தால் தொடர்பில் கோளாறு இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு மீதே சந்தேகம் என்றால் அது தனி விஷயம். 2024 திருத்தத்தின்படி, புகார் கொடுத்த 5 நாட்களுக்குள் சரிபார்ப்புக்கு ஒரு கூடுதல் மீட்டர் பொருத்தப்பட வேண்டும். குறைந்தது 3 மாதங்கள் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, ஓர் எண்ணைப் பற்றி. எத்தனை மீட்டர்களுக்கு ஒப்புதல், எத்தனை பொருத்தப்பட்டன என்ற இரண்டு எண்கள்தான் அரசு அறிக்கைகளில் பொதுவாக முன்னால் வருகின்றன. நேற்று அவற்றில் எத்தனை மீட்டர்கள் சரியான நேரத்தில் பேசின என்ற எண்ணும் ஊர்வாரியாக வெளியானால், ரீசார்ஜ் செய்தவர் எவ்வளவு நேரம் இருட்டில் காத்திருக்க நேரிடும் என்பது எல்லோருக்கும் தெரியவரும்.