சாக்கில் கட்டி வீசப்பட்ட நாய்க்குட்டிகள்... வீட்டுக்குத் தூக்கி வரலாமா? காப்பாற்றுவது எப்படி? முழு விவரம்

ஏரிக்கரைப் புதர், ஓடைப் பாலத்தின் அடி, சந்தை முடிந்த மறுநாள் காலியாகக் கிடக்கும் கொட்டகை... அங்கே ஒரு உரச்சாக்கு. உள்ளே கண் திறக்காத நாலைந்து நாய்க்குட்டிகள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் இது புதுசு இல்லை. எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டைக் குட்டிகளாகத்தான் இருக்கும். கடுவன் குட்டி என்றால் கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டை என்றால், "வேணாங்க, வருஷா வருஷம் குட்டி போடும்" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இப்படிக் கிடைக்கும் குட்டிகளைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல கையில் ஒப்படைப்பதைத்தான் 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். எப்படிச் செய்வது? பார்க்கலாம்.

தாய் இருக்கிறதா?

சாக்கில் கட்டிப் போட்டிருந்தால் யோசிக்க வேண்டாம், உடனே எடுங்கள். ஆனால் புதரிலோ வைக்கோல் போர் ஓரத்திலோ குட்டிகள் வயிறு நிறைந்து அமைதியாகத் தூங்கினால், தாய் இரை தேடிப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். தாய் திரும்பி வந்தால் குட்டிகளை அங்கேயே விடுங்கள்; தாய்க்குச் சோறும் தண்ணீரும் வையுங்கள். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை.

முதலில் சூடு, பிறகுதான் பால்

பலரும் செய்யும் தவறு இதுதான். குட்டி சில்லிட்டுக் கிடக்கும்போதே வாயில் பாலை ஊற்றுவது. உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. முதல் வாரத்தில் அதற்குத் தன் உடல் சூட்டைக் காக்கவும் தெரியாது. அட்டைப்பெட்டியில் பழைய வேட்டி, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில் போதும். சூடு அதிகமானால் விலகிப் படுக்கவும் பெட்டியில் இடம் விடுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற ஊர்களில் மார்கழி, தை இரவுகளில் கூடுதல் கவனம் தேவை.

என்ன பால் கொடுக்கலாம்?

நாய்ப்பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் வெறும் பசும்பாலில் குட்டி தேறாது, வயிற்றுப்போக்கும் வரும். அதில் தண்ணீரையும் கலந்தால் இன்னும் மோசம். நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அது கைக்கு வரும்வரை என்ன கொடுப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

* முதல் வாரம் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் பால் தர வேண்டும்.
* குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டாதீர்கள். பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புறப் படுத்த நிலையில் தலையை லேசாகத் தூக்கிக் கொடுங்கள்.
* குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கம் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். சுமார் 3 வாரம் வரை தானாகச் சிறுநீர், மலம் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடும் வேலை இது.
* தினமும் எடை பாருங்கள். எடை ஏறவில்லை என்றால் அதுதான் முதல் எச்சரிக்கை.

10 முதல் 14 நாளில் கண் திறக்கும். 4 வாரத்தில் குழைத்த சோறு, வேகவைத்த முட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடாது.

ஊசி, மருந்து எப்போது?

குடற்புழு மருந்து 2 வாரத்தில் தொடங்கி, 2 வாரத்துக்கு ஒருமுறை. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போட வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி 3 மாதத்தில். வாந்தியோடு ரத்தக் கழிச்சல் இருந்தால் பார்வோவாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். உண்ணிப் பவுடரைக் குட்டிகளுக்கு நீங்களாகவே போடாதீர்கள்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் அணுகலாம். சின்னசேலத்தை அடுத்த சேலம் மாவட்டம் தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கால்நடை மருத்துவ உதவி எண் 1962.

"குட்டி கடிச்சா ஒண்ணும் ஆகாது" உண்மையா?

இல்லை. தாய்க்கோ குட்டிக்கோ வெறிநாய்க்கடி பட்டிருந்தால் குட்டியிடமிருந்தும் ரேபிஸ் வரும். அறிகுறி தொடங்கிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். பல்லோ நகமோ பட்டு ரத்தம் கசிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள், ஒன்றைக்கூட விடக் கூடாது. குட்டிகளைத் தொட்ட பிறகு குழந்தைகள் கை கழுவுவதும் கட்டாயம்.

யாரிடம் கொடுப்பது?

8 வாரம் ஆவதற்கு முன் பிரிக்காதீர்கள். தத்து கேட்பவரிடம், "கருத்தடை பண்ணுவீங்களா?" என்று நேரடியாகவே கேளுங்கள். பெட்டைக் குட்டியை வேண்டாம் என்பதற்குச் சொல்லும் ஒரே காரணம், 6 மாதத்துக்குப் பிறகு செய்யும் அந்த ஒரு அறுவை சிகிச்சையோடு தீர்ந்துவிடும். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ன்படி வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வது உரிமையாளரின் பொறுப்பு.

பசியில் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு நாய் குட்டி போட்டால் சாக்கைத் தேடாதீர்கள். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால், அடுத்த முறை ஏரிக்கரையில் வீச அங்கே குட்டிகளே இருக்காது.