கெட்டரிங் பள்ளியின் செயற்கைக்கோள் கண்காணிப்புக் குழு

கெட்டரிங் குழு என்பது இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்சயர் பகுதியிலுள்ள கெட்டரிங் கிராமர் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்திய செயற்கைக்கோள் கண்காணிப்புக் குழுவாகும். சோவியத் ஒன்றியம் வெளியே சொல்லாமல் வைத்திருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் இருக்கும் இடத்தை 1966-ஆம் ஆண்டு கணக்கிட்டு உலகுக்கு அறிவித்தது இக்குழுவே. இயற்பியல், கணிதம், புவியியல், வானொலித் தொழில்நுட்பம் ஆகியவை ஒரே வேலையில் கலந்த பள்ளித் திட்டங்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகக் குறைவு.

தொடக்கம்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் 1 ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பியது. சிற்றலை வானொலி வைத்திருந்த யாரும் அந்த ஒலியைக் கேட்க முடிந்தது. கெட்டரிங் பள்ளியில் வேதியியல் கற்பித்த டெரெக் ஸ்லேட்டர் வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். இயற்பியல் கற்பித்தவர் ஜெஃப்ரி பெர்ரி. ஒருவரிடம் கருவியைக் கையாளும் பழக்கம் இருந்தது. மற்றவரிடம் அதை வைத்து நடத்த ஒரு பாடம் இருந்தது. அந்தப் பாடம் டாப்ளர் விளைவு.

நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், கடந்து போன பிறகு மந்தமாகவும் கேட்பதை எல்லோரும் அறிவர். வானொலி அலைக்கும் இதே விதிதான். விநாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் செயற்கைக்கோள் 20 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால், அது நெருங்கும்போது அதிர்வெண் சுமார் 500 ஹெர்ட்ஸ் வரை கூடும்; விலகும்போது அதே அளவு குறையும். அதிர்வெண் மிக வேகமாக மாறும் கணம்தான் செயற்கைக்கோள் கேட்பவருக்கு மிக அருகில் இருக்கும் கணம். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றிலும் குறித்தால், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரிந்துவிடும். பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துபோகும் விதியை மாணவர்கள் காதால் கேட்டு அளக்க வேண்டும் என்பதே தொடக்கத்தில் பெர்ரியின் நோக்கம். உளவு வேலை எதுவும் அவர் மனத்தில் இல்லை.

பதிவேடு

1962 மார்ச் மாதம் முதல் சோவியத் ஒன்றியம் காஸ்மோஸ் என்ற பெயரில் செயற்கைக்கோள்களை வரிசையாக ஏவியது. அறிவியல் ஆய்வுக்கானவை, வானிலைக்கானவை, உளவுப் படம் எடுப்பவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், அடுத்தடுத்த எண்கள். எது எதற்கு என்று அறிவிப்பில் இருக்காது. ஆனால் சோவியத் செய்தி நிறுவனமான டாஸ், ஒவ்வொன்றின் சுற்றுக்காலத்தையும், உயரத்தையும், நிலநடுக்கோட்டுக்கு அதன் பாதை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதையும் வெளியிட்டது. ஏவிய இடத்தை மறைத்தவர்கள் சாய்வுக் கோணத்தைத் தாங்களே அச்சிட்டுக் கொடுத்தது விந்தைதான்.

பள்ளியில் நடந்த வேலை பெரும்பாலும் கேட்பதும் எழுதுவதும்தான். செயற்கைக்கோள் பாடவேளையைப் பார்த்து வருவதில்லை. எந்த அலைவரிசை, எத்தனை மணிக்குக் கேட்கத் தொடங்கியது, எப்போது மறைந்தது, ஒலி எந்த வகை என்று பதிவு சேர்ந்துகொண்டே போனது. சில செயற்கைக்கோள்கள் எட்டு நாள் கேட்டுவிட்டுச் சட்டென்று நின்றுபோயின. அவை படச்சுருளோடு தரையிறக்கப்படும் உளவுக் கோள்கள் என்பது இத்தகைய ஒழுங்குகளிலிருந்து விளங்கியது. ஒரு நாள் பதிவால் எந்தப் பயனும் இல்லை. பல மாதப் பதிவை அருகருகே வைத்தால்தான் வழக்கம் எது, விலகல் எது என்று தெரியும்.

பிளெசெட்ஸ்க்

அதுவரை வெளியுலகம் அறிந்த சோவியத் விண்வெளி ஏவுதளங்கள் இரண்டு. ஒன்று கபூஸ்தின் யார், மற்றொன்று பைக்கனூர். இரண்டாவதன் பெயரே திசைதிருப்பும் பெயர். உண்மையில் அத்தளம் தியூரத்தாம் என்ற ரயில் நிலையத்தின் அருகே இருந்தது. பைக்கனூர் என்ற ஊர் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

1966 மார்ச் 17 அன்று காஸ்மோஸ் 112 ஏவப்பட்டது. சாய்வுக் கோணம் 72 பாகை. அது கெட்டரிங்குக்கு மேலே வந்த நேரங்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, தியூரத்தாமிலிருந்து கிளம்பிய ஒன்றுக்கு அவை பொருந்தவில்லை. ஏப்ரல் 6 அன்று ஏவப்பட்ட காஸ்மோஸ் 114-இலும் இதே சிக்கல் தோன்றியது.

கணக்கின் அடிப்படை எளிது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. செயற்கைக்கோளின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அதன் தடம் சுமார் 22.5 பாகை மேற்கே தள்ளி விழும். சுற்றுகளைப் பின்னோக்கி எண்ணி முதல் சுற்றுக்குப் போனால், அதன் தடம் வரைபடத்தில் ஒரு கோடாகக் கிடைக்கும். ஏவுதளம் அந்தக் கோட்டின் மீது எங்கோ இருந்தாக வேண்டும். எங்கே என்பதை ஒரு கோடு சொல்லாது. 112, 114 இரண்டின் சாய்வும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் அவற்றின் கோடுகளும் ஒன்றையொன்று ஒட்டியே சென்றன. வேறு சாய்வுள்ள ஒரு செயற்கைக்கோள் அதே தளத்திலிருந்து கிளம்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழு மாதம் கழித்து, அக்டோபர் 14 அன்று ஏவப்பட்ட காஸ்மோஸ் 129 சுமார் 65 பாகைச் சாய்வில் சென்றது. அதன் கோடு முன்னைய கோடுகளை வெட்டிய இடம் ரஷ்யாவின் வடக்கே, ஆர்க்காங்கெல்ஸ்க் நகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 63 பாகை வட அட்சத்தில் இருந்தது. அங்கே இருந்த ஊர் பிளெசெட்ஸ்க்.

அவ்வாண்டின் இறுதியில் முடிவு வெளியிடப்பட்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கண்டுபிடித்தார்கள் என்பதே செய்தித்தாள்களுக்குப் பெரும் செய்தியாயிற்று. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நேர்மை. அமெரிக்க உளவுத்துறைக்குப் பிளெசெட்ஸ்க் புதிதல்ல. அது 1957-இல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்காகக் கட்டத் தொடங்கப்பட்ட தளம். 1960 மே 1 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானம் படம் எடுக்கத் திட்டமிட்டிருந்த இடங்களில் பிளெசெட்ஸ்கும் ஒன்று. வல்லரசுகள் இரண்டும் அறிந்திருந்து, இரண்டுமே பொதுமக்களுக்குச் சொல்லாத ஒன்றைத்தான் கெட்டரிங் குழு வெளியே கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்திய தகவல் எதுவும் இரகசியமானதல்ல: வானில் யாருக்கும் கேட்கும் ஒலி, டாஸ் அச்சிட்ட எண்கள், ஒரு வரைபடம். யார் வேண்டுமானாலும் அதே கணக்கைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்கலாம் என்பதால் மறுப்பதும் எளிதாக இல்லை.

பின்னர்

குழு காலப்போக்கில் பள்ளிச் சுவரைத் தாண்டியது. வெளிநாட்டு வானொலி ஆர்வலர்கள் தங்கள் பதிவுகளை அனுப்பினர். கெட்டரிங்கில் கேட்காத ஒலி சுவீடனில் கேட்கும். இரண்டையும் சேர்த்தால் பாதை இன்னும் துல்லியமாகும். சோவியத் விண்வெளிச் செய்திகளுக்கு விளக்கம் கேட்டுத் தொலைக்காட்சியினர் பெர்ரியைத் தேடி வந்தனர். 1973-இல் அவருக்குப் பிரித்தானிய அரசு எம்.பி.ஈ. விருது வழங்கியது. அவர் 2000-ஆம் ஆண்டு காலமானார்.

இக்குழுவைப் பற்றிய எழுத்துகளில் பெர்ரியின் பெயர் எப்போதும் வரும். ஸ்லேட்டரின் பெயர் சிலவற்றில் வரும். பதிவேட்டில் நேரம் குறித்த மாணவர்கள் பெரும்பாலும் ‘மாணவர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். வேலையின் பெரும் பங்கு அவர்களுடையது என்பதால் இது குறையே. ஆண்கள் பள்ளியாக இருந்ததால் மாணவிகளுக்கு அதில் இடமே இருக்கவில்லை.

பிளெசெட்ஸ்கில் ஓர் ஏவுதளம் இருப்பதைச் சோவியத் ஒன்றியம் 1983-இல்தான் ஒப்புக்கொண்டது. 1966-இல் பதினேழு வயதில் பதிவேட்டை எழுதிய மாணவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது ஆகியிருக்கும்.